பொட்டலம் இன்று என்ன சாப்பிட்டது

செப்டம்பர் 28, சனி

இந்த டைரி நான் கேட்டு வாங்கியதல்ல. லிஃப்ட் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒன்பது மாதமாக டி.வி. ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று என் மகள் தர்ணிகா அதை உருவித் தூசி தட்டி என் கையில் திணித்துவிட்டாள்.

"தெனமும் ஏழரை மணிக்கு எழுதோணுங்ப்பா. ஆமை என்ன சாப்பிட்டுது, எத்தனை எடை, வெளிக்குப் போச்சா இல்லியா, எல்லாம். அப்பறம் உங்களப் பத்தி ரெண்டு வரி. சனிக்கிழமை நான் வந்து படிப்பேன்."

"என்னப் பத்தி எழுத என்ன சாமி இருக்குது?"

"ஏதாச்சும் எழுதுங்க. பேனாவுல எழுதோணும். பென்சில் ஆகாது."

பதினோரு வயது. தோரணை மட்டும் ஹெட்மாஸ்டர். கோர்ட் உத்தரவுப்படி சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவள் என்னுடையவள். மற்ற நாளெல்லாம் அவள் அம்மா கோகிலாவுடன்.

ஆமை மீன்தொட்டிக் கடையில் வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கடைக்காரர் பேசியே காதைத் துளைத்துவிட்டார். "நம்மூரு நட்சத்திர ஆமைய வெச்சா புடிச்சு உள்ள போட்டுருவாங்கண்ணா. இது ஆப்பிரிக்கா சாதி, பேப்பர் இருக்குது. ஆமைன்னதும் எல்லாரும் தண்ணித் தொட்டியில போட்டுக் கொன்னுபோடறாங்க. இது தரை ஆமைங்ணா. காலைல விரல் கடை ஆழத்துக்கு வெதுவெதுன்னு தண்ணி, கால் மணி நேரம், அவ்வளவுதான். தலை நனையக் கூடாது. ஈரத்தோட விட்டா சளி புடிச்சிரும்." தலை நனையக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் தேங்காய் நார்த் தூள் பரப்பி, ஒரு மூலையில் வெப்ப விளக்கு கட்டினேன். பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். தர்ணிகாவால் இடது கையை முழுதாக நீட்ட முடியாது. முழங்கையில் பிளேட் இருக்கிறது. போன வருடம் விழுந்ததில்.

காகிதப் பொட்டலம் மாதிரி இருக்கிறான் என்று அதற்குப் பொட்டலம் என்று பெயர் வைத்தாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி: தனபால், வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எடை அறுபத்து நான்கு கிராம். மளிகைக் கடைத் தராசில் காகிதம் விரித்து வைத்தேன். கடைக்காரர் கடுகு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "இதென்ன பருப்புங்க?" என்றார். செம்பருத்தி இலை ஒன்று. வெளிக்குப் போகவில்லை. நான் போனேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

அருகம்புல்லைத் தொடவில்லை. செம்பருத்தி இலை இரண்டு. வெளிக்குப் போனது, பச்சையாக, கட்டியாக. இப்படி ஒரு விஷயத்துக்கு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

(மறுபக்கம். இதை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடப் போகிறேன்.)

மத்தியானம் கோகிலா போன் செய்தாள். "ஆமையப் போயி யாராச்சும் காசு குடுத்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவாங்களா? ஆகாதுன்னு தெரியாதுங்களா உங்களுக்கு?" இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதெல்லாம் ஆமை வருவதற்கு முன்பே போயாச்சு, பாவம் அதன் மேல் பழி போட ஒன்றும் மிச்சமில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. விஷயத்துக்கு வந்தாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. ஜனவரியில் போக வேண்டும். தர்ணிகாவைக் கூட்டிப் போக அப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நவம்பர் 15 கடைசி நாள்.

மாட்டேன் என்றேன். ஜூலையிலிருந்து நான்காவது தடவையாகச் சொல்கிறேன்.

ஆமை எதற்கு வாங்கினேன் என்று கோகிலாவுக்குப் புரியாமலா இருக்கும்? இது எண்பது வருடம் உயிரோடு இருக்குமாம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பிள்ளை அதன் மேல் உயிரை வைத்துவிட்டால், "நான் வரலைம்மா" என்று அவளே சொல்வாள். நான் யார் காலையும் பிடிக்க வேண்டாம். கேவலமான யோசனைதான். வேறு யோசனை என்னிடம் இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். மெஷின் ரூமில் மடியில் வைத்து எழுதுகிறேன். பொட்டலம் காலையில் இலை இரண்டு. வெயிட் போடவில்லை.

அக்டோபர் 5, சனி

தர்ணிகா வந்ததும் ஆமையைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் டைரியைத்தான் எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தாள்.

"இந்தப் பக்கத்துக்கு ஏன் பின் அடிச்சிருக்குது?"

"ஆபீஸ் விஷயம்."

தலையாட்டினாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "ஏனுங்ப்பா இது மட்டும் கோணக் கோணலா இருக்குது?"

"மடியில வெச்சு எழுதுனேன் சாமி. அதுல போட்டிருக்கேன் பாரு."

என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகுதான் பெட்டிப் பக்கம் போனாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு மார்க் குறைக்கிறார்கள் போல, பிள்ளைக்கு அதே நினைப்பு.

பொட்டலம் அவள் கையில் இருந்து முருங்கைக்கீரை வாங்கித் தின்றது. நான் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

அக்டோபர் 9, புதன்

எடை 67. இலை மூன்று.

அக்டோபர் 12, சனி

ஐந்து மணிக்கு கோகிலா கீழே வண்டியில் வந்து ஹாரன் அடித்தாள். தர்ணிகா பெட்டிப் பக்கத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "இன்னொரு அஞ்சு நிமிசங்ப்பா. அவன் இப்பத்தான் தூங்கறான்." நான் பால்கனியில் நின்று கோகிலாவிடம் ஐந்து விரலைக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அக்டோபர் 17, வியாழன்

எடை 70. இன்று வெளிச்சத்துக்கு அடியில் காலை நாலையும் விரித்துப் போட்டுப் படுத்திருந்தது. செத்துவிட்டதோ என்று பயந்து தொட்டேன். தலையை நீட்டி, என்ன வேணும் உனக்கு என்பது போல் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். அரை மணி நேரம் யாரோ வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

அக்டோபர் 26, சனி

எடை 73. நல்ல சேதி. தீபாவளிக்கு கோகிலாவுக்கு டியூட்டி. புதன்கிழமை மாலையிலிருந்து வெள்ளி காலை வரை தர்ணிகா இங்கே. பதினாலு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை என் வீட்டில் தூங்கப் போகிறாள். புதுப் போர்வை வாங்கினேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

காலை ஐந்து மணிக்கு எழுப்பினேன். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, மணையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்தேன். என் தலைக்கு அவள் ஒரு கையால் தேய்த்துவிட்டாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொட்டலத்துக்கும் தலை தீபாவளிதானுங்ப்பா? வீட்டுல இருக்கற எல்லாரும் எண்ணெ தேச்சுக் குளிக்கோணுமில்ல?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலை நனையக் கூடாது என்று கடைக்காரர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு சொட்டு" என்றேன். ஒரு சொட்டு ஓடெல்லாம் ஆயிற்று, ஓட்டிலிருந்து கழுத்துக்குப் போயிற்று. எண்ணெய் போக சீயக்காய். சீயக்காய் போக வெந்நீர், மக்கில் மோந்து தலை வழியாக, கங்கா ஸ்நானம் ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டே. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓட்டில் குங்குமப் பொட்டு வைத்தோம்.

ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. மழை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம். நாங்கள் போர்ட்டிகோவில் கம்பி மத்தாப்புக் கொளுத்தினோம், பலகாரம் தின்றோம், பக்கத்து வீட்டுக்குப் போனோம். பெட்டியில் விளக்கு எரியவில்லை என்பது மத்தியானம் மூன்று மணிக்குத்தான் உறைத்தது. பொட்டலம் ஒரு மூலையில் ஈர நார்த்தூளுக்குள் புதைந்து கிடந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.

நல்ல தீபாவளி. இதை விட நல்ல தீபாவளி எனக்கு வாய்த்ததில்லை.

நவம்பர் 2, சனி

சாப்பிடவில்லை. மூக்கில் ஒரு சின்னக் குமிழி. தர்ணிகா கர்ச்சீப் முனையால் துடைத்துவிட்டாள். மறுபடி வந்தது.

நவம்பர் 4, திங்கள்

லீவு போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண்தான். எக்ஸ்ரே எடுத்தார். எடை 68.

"தண்ணியில முழுக விட்டீங்களா சார்?"

"இல்லைங்க மேடம்." பிறகு, "தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனோம்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணெய் தேச்சு?"

"சீயக்காயும்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "சார், ஆமைக்கு இருமத் தெரியாது. நமக்கு உள்ள போனா இருமித் தள்ளிருவோம். இது தள்ளாது. உள்ளயே தங்கிரும். ரெண்டு பக்கமும் நிமோனியா. குட்டி வேற." தினமும் முன்னங்காலில் ஊசி. மருந்துப் புகை இருவேளை. இருபத்து நாலு மணி நேரமும் சூடு. "பாக்கலாம்" என்றார். டாக்டர்கள் அதைச் சொல்லும்போது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு எலும்பு டாக்டர் சொன்னார்.

நவம்பர் 6, புதன்

ஊசி. சாப்பிடவில்லை. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. எடை 66.

நவம்பர் 9, சனி

ஊசி போடுவதைத் தர்ணிகா பார்த்தாள். அழவில்லை. மூக்குக் குமிழியைத் துடைத்துவிட்டு, "நான்தான தண்ணி ஊத்துனேன்" என்றாள்.

"இல்ல சாமி, கரண்ட் போனதுனால."

"நான்தான் ஊத்துனேன். தலைமேலயே ஊத்துனேன்."

மாலை கோகிலா ஹாரன் அடித்ததும் பால்கனிக்குப் போய்க் கத்தினாள். "நான் அயர்லாந்துக்கு வரலைம்மா! பொட்டலம் நல்லாகாம நான் எங்கியும் வரல!" தெருவே திரும்பிப் பார்த்தது. கோகிலா ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

நான் கேட்ட வரம். அட்சரம் பிசகாமல் கிடைத்துவிட்டது.

(மறுபக்கம். இதற்கும் பின்.)

முழங்கை எப்படி உடைந்தது என்று எழுதிவிடுகிறேன். விழுந்தது என்று எழுதியிருந்தேன். அவள் விழவில்லை, நான் விழ வைத்தேன். பிராந்திக் கடையில் மூன்று ரவுண்டு முடித்துவிட்டு அவளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போனேன். வண்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டேன். "அப்பா மெதுவா, அப்பா மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கோகிலா என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து குடியைத் தொடவில்லை. இதைச் சொல்லி யாரிடமும் மெடல் கேட்க முடியாது.

நவம்பர் 12, செவ்வாய்

பொட்டலம் பரவாயில்லை. செம்பருத்தி இலை இரண்டு. எடை 66. மூக்கில் குமிழி இல்லை.

நவம்பர் 13, புதன்

இலை இரண்டு, கொஞ்சம் முருங்கைக்கீரை. வெளிக்குப் போனது. வெளிச்சத்துக்கு அடியில் காலை விரித்துப் படுத்திருந்தது. நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதமாவது பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

மேலே இரண்டு நாளாக எழுதியிருப்பது பொய்.

செவ்வாய்க்கிழமை காலை ஊசி போடக் கையில் எடுத்தேன். தலை வெளியே தொங்கியது. தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை. காலை அழுத்திப் பார்த்தேன், ஓட்டைத் தட்டிப் பார்த்தேன், விளக்குக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஊசியைப் போட்டேன். காம்பவுண்டுச் சுவர் ஓரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று எட்டு லிஃப்ட் சர்வீஸ். எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினேன்.

மாலை நேராகப் பிராந்திக் கடைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். சுவரில் கடிகாரம் ஏழு பத்து. ஏழரைக்கு எழுத வேண்டுமே என்று நினைவு வந்தது. வரிசையை விட்டு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து, நேர்கோடு போட்ட மாதிரி, அந்தப் பொய்யை எழுதினேன். ஆமை சீக்கில் இருக்கிற வரைக்கும் பிள்ளை போக மாட்டாள். பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டால் போதும். புதன்கிழமை அதே மாதிரி ஒரு குட்டி இருக்கிறதா என்று மீன்தொட்டிக் கடைக்குப் போன் போட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார்.

இன்று மத்தியானம் கோகிலா நான் வேலை செய்யும் கட்டடத்துக்கே வந்துவிட்டாள். நர்ஸ் யூனிஃபார்மோடு, டியூட்டி முடித்த கையோடு. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எப்பிடி இருக்குதுங்க அது?"

"பரவால்ல. எல சாப்பிடுது."

மாடிப்படியில் உட்கார்ந்தாள். "நல்லவேளை. அவ சோறு திங்கறதில்லீங்க. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு தூக்கத்துல பொலம்பறா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமைக்காக மட்டும் அவ வரமாட்டேங்கறான்னு நெனைக்காதீங்க. அவ போயிட்டா நீங்க மறுக்கா கடைக்குப் போயிருவீங்கன்னு பயப்படறா. அதுக்குத்தான் உங்கள டைரி எழுதச் சொன்னாளாம். எழுத்துக் கோணலா இருந்தா அப்பா குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்மா, நான் வாராவாரம் பாக்கறேன், நேராத்தான் இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்றா. பதினோரு வயசுப் புள்ளைங்க அது. உங்களுக்குக் காவல் இருக்கோணும்னு நெனைக்குது."

நான் கையில் ஸ்பேனரோடு நின்றேன். ஆமையைக் காட்டி அவளைக் கட்டி வைக்க நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொள்வதற்காகத் தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன அப்பன் நான்.

"செத்துப்போச்சு கோகிலா" என்றேன். "முந்தாநாளே செத்துப்போச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவகிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் சொல்றேன். நாளைக்கு எங்க வந்து கையெழுத்துப் போடோணும், சொல்லு."

நவம்பர் 15, வெள்ளி

வக்கீல் ஆபீஸ். நாலு இடத்தில் கையெழுத்து. குடிக்காமலேயே கோணலாக வந்தது.

நவம்பர் 16, சனி

பின்னையெல்லாம் பிடுங்கிவிட்டு டைரியை அவளிடம் கொடுத்தேன். வாயால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வாய் வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். நான் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. முழங்கைப் பக்கம் வந்தபோது வலது கை தானாகப் போய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமைப் பக்கத்தை முடித்துவிட்டு டைரியை மூடினாள். அழுதாள். அந்த மாதிரி அழுது நான் பார்த்ததில்லை, கை உடைந்த அன்றுகூட இல்லை. கிட்டப் போனேன், தள்ளிவிட்டாள். மறுபடி போனேன். மடியில் விழுந்தாள்.

"நீ கொல்லல சாமி. வேண்டாம்னு சொல்ல வேண்டியவன் நான். கடைக்காரர் எங்கிட்டத்தான் ரெண்டு தடவை சொன்னாரு. தெரிஞ்சும் நான் சொல்லல. அது என் தப்பு. முழுசும் என் தப்பு. கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. மதியம் சோறு வைத்தேன். நாலு வாய் தின்றாள். கீழே போய்ச் சுவர் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். நாலரை மணிக்கு அவளாகவே பையை எடுத்து வைத்தாள்.

"அப்பா, செவ்வாய்க்கெழம எழுதுனது நேராத்தான் இருக்குது. ஆனாப் பொய்யி. இனிமே நான் எதப் பாத்து நம்பறது?"

"தெரியல சாமி."

யோசித்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்று, என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கீழே இழுத்தாள். இடது கை எட்டுவதற்காக நான் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

"ஊதுங்க."

"என்ன?"

"போலீஸ்கிட்ட ஊதற மாதிரி. வாயத் தெறந்து நல்லா ஊதுங்க."

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கீழே ஹாரன் அடித்தது.

"சரிங்ப்பா, நான் போறேன்" என்றாள். "கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட்டுலயும் ஒருக்கா ஊதோணும்."

ஊதுகிறேன் என்றேன்.